வீடு பூட்டியிருக்கிறது

கோனாப்பட்டில் அந்த வீடு
ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிறது.
செயலிக்கு அது தெரியாது.
கிழக்கு வாசலில் நின்று இருப்பிடம் குறித்தால் ஒரு வீடு.
மேற்கு வாசலில் குறித்தால் இன்னொன்று.

அதனால் என் டேப்லெட்டில்
இரண்டு பஞ்சவர்ணம்.

ஒருத்தி, கதவு எண் பதினான்கு.
வயது ஐம்பத்தெட்டு.
போன மாசியில் ஒரே ஓர் அளவு, 128/82, பச்சை.
அதன்பின் மாதம் தவறாமல்
'வீடு பூட்டியிருக்கிறது'
'வீடு பூட்டியிருக்கிறது'
எனக்கு முன்னிருந்த சிஸ்டர்
விரல் வைத்துவிட்டுப் போன மூன்றாவது வரி.

மற்றவள், நாற்பத்தொன்று பை ஏ.
வயது அறுபத்தொன்று.
176/104. சிவப்பு.
அது போன வாரம் நான் அளந்தது,
துவைகல்லில் உட்காரவைத்து,
ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி.

இன்றைக்குப் பதினான்கு.
நிலுவையில் இன்னும் முப்பத்தேழு பேர்.
ஐந்து மணிக்குள் ஏற்றாவிட்டால்
பொன்னமராவதியிலிருந்து போன் வரும்.
கதவைத் தட்டினேன்.
அந்தக் கனத்தில் தட்டியது
என் விரல்முட்டிக்கு மட்டுமே கேட்டது.
வண்டியை நிழலுக்குத் தள்ளினேன்.
தண்ணீர் குடித்தேன்.
மூன்றாவது வரிக்கு விரலைக் கொண்டுபோனேன்.

உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள்.
பிறகு இன்னொன்று.
அடுப்படி, இரண்டாங்கட்டு, வளவு, பட்டாலை,
ஒவ்வொன்றாய்த் திறந்துகொண்டு
முழங்கால் வலிக்காரி ஒருத்தி
வந்துகொண்டிருந்தாள்.

'பின்னாடி வந்த சிஸ்டர்தானே நீங்க?
தட்டுனா கேக்கும். நான் வாரதுக்குள்ள
போயிருவாக.'

பதினோரு மாதம்
பூட்டாத வீடு.

மாசியில் மட்டும் எப்படிப் பச்சை என்று கேட்டேன்.
'படைப்புக்கு ஆச்சி வந்திருந்தாக.
தலை சுத்துதுன்னேன்.
அவுக மாத்திரையில பாதியைப் பிச்சுக் குடுத்தாக.
மூணு வாரம்.
பெறகு கார்ல ஏறிட்டாக,
மாத்திரையும் ஏறிருச்சு.'

'பிறர் மருந்தில் பாதி' என்று
எந்தப் பட்டியலிலும் வரி இல்லை.

வளவில் சிக்னல் கிடையாது.
தெருப்படிக்கு வந்து புதுக்கோட்டைக்குப் போன் போட்டேன்.
கணினிப் பிரிவில் நாகூர்கனி.
'ரெண்டையும் இணைச்சிரலாம் சிஸ்டர்.
எது சரின்னு மட்டும் கேக்கும்.
ஒண்ணத்தான் வச்சுக்கும்.'

கேட்டது.
எது சரியான வயது?
'எதுல கொறைச்சலோ அதைப் போடுங்க' என்று சிரித்தாள்.
எது சரியான ரத்த அழுத்தம்?
திரையை அவள் பக்கம் திருப்பவில்லை.
இரண்டும் அவள் ரத்தம்தான்.
சிவப்பை வைத்தேன்.
சிவப்புக்குத்தான் மாத்திரை வரும்.
பச்சை கேள்வி கேட்காமல் போயிற்று,
தலை சுற்றாத மூன்று வாரங்களோடு.

அவசரத் தொடர்பு எண். கட்டாயம்.
மகன் திருப்பூரில். நம்பரை மாற்றிக்கொண்டே இருப்பான்.
ஆச்சி வீட்டு நம்பர்? 'வேணாம் சிஸ்டர்,
பயந்துக்கிட்டு வேற ஆளு பாத்துருவாக.'
கொஞ்சம் யோசித்து,
'ஒங்க நம்பரையே போடுங்களேன்' என்றாள்.
போட்டேன்.
'பணியாளர் எண் ஏற்கப்படாது.'

ஒன்பதைப் பத்து முறை அழுத்தினேன்.
ஏற்றுக்கொண்டது.

கடைசியில் குறிப்பு என்றொரு பெட்டி,
நூற்றிருபது எழுத்து. கட்டாயமில்லை.
யாரும் படிப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.
வெயில் திரையில் விழாதபடி
சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு அடித்தேன்:
'பின்வாசலில் தட்டவும். முன்வாசல் என்றால்
ஆறு நிமிடம் நிற்கவும்.
வீடு நீளம். ஆள் உண்டு.'

அனுப்பு என்று அழுத்தியதும்
ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.
டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.
சுற்றியது.
நிலைப்படியைப் பிடித்தபடி
அவளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

'மாத்திரை
எந்த வாசலுக்கு சிஸ்டர் வரும்?'